கொடுத்தவர் உள்ளே வரக் கூடாது

அம்பலவாணர் செத்து முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடிந்தது. சாம்பலைக் கடலில் கரைத்து, ஐயருக்குக் குடையும் செருப்பும் தானம் கொடுத்தாயிற்று. அதோடு ஆவி தன் பாட்டில் போய்விட வேண்டும். ஆனால் மறுநாள் மத்தியானம் அவருடைய மகள் நாகபூசணி குசினியில் கீரை கடைந்துகொண்டிருந்தபோது, ஹோலுக்குள் இருந்து அவர் இரண்டு தரம் செருமினார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று இரண்டு தரம் செருமிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார் மனுஷன். அந்தச் செருமல் நாகபூசணிக்குப் பாலோடு பழகிய சத்தம். அவள் கையில் இருந்த மத்து நழுவியதற்குக் காரணம் சத்தம் அல்ல, அது வந்த இடம். கடைசி ஆறு வருஷமும் அந்தச் செருமல் வெளியில் இருந்துதான் வந்தது. வீட்டுக்குள் இருந்து வந்ததே இல்லை.

அம்பலவாணர் மாத்தறையில் முப்பது வருஷம் சுருட்டுக் கடை நடத்தியவர். அந்தக் காசில் சொந்த ஊரான புளியங்கூடலில் கல்வீடு கட்டினார். பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படாதவர், வரி என்றால் மட்டும் வெலவெலத்துப் போவார். கடைக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கையெழுத்தில்லாத மொட்டைப் பெட்டிசம் ஒன்றை வருமான வரிக் கந்தோருக்குப் போட்டுவிட, இரண்டு வருஷம் கந்தோர் வாசலில் காவல் கிடந்தார். அதோடு தொற்றிக்கொண்ட பயம் அது. கிராமச் சங்கம் நாய்க்கு வரி போட்டபோது தன் நாயைப் பக்கத்து வளவுக்குக் கொடுத்துவிட்டார். நாய் இங்கே வந்து தின்றுவிட்டு அங்கே போய்ப் படுத்தது. வரி கேட்டு வந்தவருக்கு அது யாருடைய நாய் என்று கடைசிவரை விளங்கவில்லை.

"பறங்கியும் ஒல்லாந்தனும் தலைக்கு வரி கேட்டவங்கள். வெள்ளைக்காரன் தெருப் போட ஆளுக்கு ஆறு நாள் உடம்பைக் கேட்டவன். உவங்கள் இப்ப செத்தவனிட்டையும் கேக்கிறாங்கள்," என்பார். அவர் சொன்னது மரண வரியை. ஒருவன் விட்டுப்போகும் சொத்தில் அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு மிச்சம்.

அதனால் சாகும்முன்பே வீட்டை மகளுக்கு எழுதிவிடுவதென்று ஐம்பத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பத்திரம் எழுதும் பிரக்கிராசி வக்கீல் ஒருவரிடம் போனார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சொத்தை எழுதி நன்கொடை உறுதி முடிக்கும் தாய் தகப்பன் சாகும்வரை இருந்து அனுபவிக்கச் சீவிய உருத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். பிரக்கிராசியார் தலையாட்டி மறுத்தார். "உருத்து வைச்சா வரி வரும். குடுத்தவர் அந்தச் சொத்திலை இருந்து முற்றா விலக்கப்பட்டிருக்க வேணும். சட்டம் அப்பிடி. வீடு மகளின்ர, நீர் வெளியாள்."

சட்டத்தையும் குற்றம் சொல்ல முடியாது. கடதாசியில் கொடுத்துவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் கெட்டிக்காரரைத் தடுக்கத்தான் அப்படி எழுதினார்கள். அதை அம்பலவாணரைப் போல ஒருவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பார் என்று எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

உறுதி முடித்த அன்றே பாயையும் சுருட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு முற்றத்து மூலையில் இருந்த ஓலைக் கொட்டிலுக்குப் போனார். மாத்தறையில் இருந்து ஆசையாய்க் கொண்டுவந்த, துணி போட்ட சாய்மனைக் கதிரை ஹோலிலேயே கிடந்தது. சோறு கொட்டிலுக்குப் போகும். பேத்தி சறோஜினிதேவி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முற்றத்தில் நின்று பார்த்தார். அந்த வீடுதான் சறோஜினிக்குச் சீதனம் என்று பேச்சு. வேறு சொத்து இல்லை. வரி வந்தால் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும், பிறகு பிள்ளையின் கலியாணத்தை மறக்க வேண்டியதுதான். எனவே நாகபூசணியும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. முதலில் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிப் போயிற்று.

அறுபத்துநாலு மார்கழியில் புயல் அடித்தது. அவள் கணவன் தியாகலிங்கம் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் கந்தோரில் மாட்டிக்கொண்டான். பொழுதுபடும் நேரம் கொட்டிலின் கூரை அப்படியே கிளம்பிப் போயிற்று. வாசலில் இரண்டு தரம் செருமல் கேட்டது.

"பிள்ளை, குளிருது. கதவுக்கு உள்பக்கமா ஒரு கரையிலை இருக்கிறன்."

நாகபூசணி தாழ்ப்பாளில் கையை வைத்தாள். பக்கத்து வளவில் ஒரு லாந்தர் வெளிச்சம் அசைந்தது. மொட்டைப் பெட்டிசம் எழுதக் காரணம் தேடும் ஊர்.

"அப்பு, ஆறு வருஷம் இருந்தாச்சு. இண்டைக்கு உள்ளுக்கு வந்தா எல்லாம் வீணாப் போயிடும். மாட்டுக் கொட்டிலிலை ஒதுங்குங்கோ. சாக்கு ஒண்டு தாறன்."

"ஓம், நீ சொல்லுறது சரி," என்றார். ஜன்னலால் கொடுத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். காய்ச்சல் பிடித்து மூன்றாம் நாள் முடிந்துபோனார். பிரேதத்தையும் முற்றத்துப் பந்தலில்தான் கிடத்தினார்கள்.

இப்போது அவர் உள்ளே இருக்கிறார். காலையில் ஹோல் சீமெந்தில் ஈரக் கால் தடம் கதவில் இருந்து கதிரைவரை போகும், திரும்பி வராது. கதிரைக்கு அருகே சுருட்டுச் சாம்பல் விழுந்திருக்கும். தியாகலிங்கம் சுருட்டைத் தொட்டதும் இல்லை. அவனும் சாம்பலை மணந்து பார்த்துவிட்டு, "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. அவர் வீட்டுக்குள்ளை இருக்கிறார் எண்டு எவனாவது எழுதிப் போட்டாலும் போடுவான்," என்றான். சிரிக்கக் கூடிய கதைதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நாகபூசணி கதிரைப் பக்கம் போவதை விட்டாள். குலதெய்வங்களை எல்லாம் கும்பிட்டு, இந்த மனுஷன் போய்விட்டால் போதும் என்று வேண்டினாள்.

பங்குனியில், நல்ல வெயில் நேரம், இறைவரிக் கந்தோரில் இருந்து அரியநாயகம் என்பவர் வந்தார். நாகபூசணி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தபோது மனுஷன் ஏற்கெனவே ஹோலுக்குள் வாங்குப் பலகையில் இருந்தார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. உள்ளுக்கு இருந்த பெரியவர்தான் வாரும், இரும் எண்டவர். உங்கட மாமனாரோ?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. கதிரையின் துணி நடுவில் பள்ளமாகத் தொய்ந்து, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. "ஓம்," என்று ஒரு பொய்யைச் சொன்னாள். மாமனார் செத்துப் பதினைந்து வருஷம்.

அரியநாயகம் கேட்க வேண்டியதைக் கேட்டார். உறுதி எப்போது முடித்தது, அதன்பிறகு தகப்பனார் எங்கே இருந்தார், எங்கே சாப்பிட்டார், நோயில் எங்கே கிடந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் உள்ளதைச் சொன்னாள். கொட்டில், கொட்டில், கொட்டில். சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு யாரோ ஒரு கல்நெஞ்சக்காரியின் கதை மாதிரிக் கேட்டது.

"புயலுக்கும்?"

"புயலுக்கும் விடேல்லை."

அவர் பேனையை நிறுத்தி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுதியதை வாசித்துக் காட்டினார். தகப்பனாரை இந்த வீட்டில் இருந்து முற்றாக விலக்கி வைத்திருந்தேன், ஒரு நாளும் உள்ளே வர இடம் கொடுக்கவில்லை என்று இருந்தது. ஒரு சொல்லும் பொய்யில்லை. இதில் கையெழுத்து விழுந்தால் வீடு தப்பும், சறோஜினி கரையேறுவாள். கதிரைப் பக்கம் பார்க்காமல் நாகபூசணி கையெழுத்தை வைத்தாள்.

வைத்த கையோடு வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்து, திரும்பச் சாத்திக்கொண்டது. காற்றே இல்லை.

அரியநாயகம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வந்த வேலை முடிந்ததும் அவருக்கு மனம் கேட்கவில்லை போலும்.

"ஒண்டு சொல்லுறன் தங்கச்சி. இவ்வளவு கடுமையா இருந்திருக்கத் தேவையில்லை. மகளின்ர வீட்டுக்குத் தகப்பன் வந்து போறதைச் சட்டம் பிழையெண்டு சொல்லாது. சாப்பிடலாம், காய்ச்சல் வருத்தமெண்டா நாலு நாள் கிடக்கலாம். வீட்டை வைச்சு ஆளுறது ஆர் எண்டுதான் பாக்கிறது. மழைக்கு ஒதுங்கின மனுஷனிட்டை ஆர் வரி கேக்கிறது?"

நாகபூசணி வாங்கின் நுனியில் அப்படியே இருந்துவிட்டாள்.

"பெரியவர் வெளியிலை போயிட்டார் போலை. போயிட்டு வாறனெண்டு சொல்லுங்கோ," என்றுவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து செருமல் இல்லை. சீமெந்துத் தரை உலர்ந்து கிடந்தது. கதிரையின் துணி இறுகிவிட்டது. வரி வராது என்று கடதாசி வந்த நாளில் தியாகலிங்கம் தேங்காய் உடைத்தான். சறோஜினிக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. வேண்டியதெல்லாம் நடந்தது. நாகபூசணிதான் ஒவ்வொரு விடியலிலும் முதல் வேலையாக ஹோல் தரையைக் குனிந்து பார்த்தாள், எங்காவது ஒரு ஈரக் கால் தடம் இருக்கிறதா என்று. அவ்வளவு பயந்த தடத்துக்கு இப்போது அவள் ஏங்கினாள்.

ஐப்பசியில் மாரி தொடங்கியது. முதல் பெருமழை நாள், விளக்கு வைக்கும் நேரம், முற்றத்து மூலையில் செருமல் கேட்டது. இரண்டு தரம். கொட்டிலைப் பிரித்துக் கப்புக் கம்புகளை விறகாக்கி மாதங்கள் ஆகின்றன. அங்கே சாணி மெழுகிய தரை மட்டும் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது.

நாகபூசணி கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். சாய்மனைக் கதிரையை இழுத்துவந்து வாசலுக்கு நேரே போட்டாள்.

"அப்பு, உள்ளுக்கு வாங்கோ. ஒரு பிழையும் இல்லையாம். கந்தோர் ஐயாவே சொன்னவர். வாங்கோ அப்பு."

மழைக்குள் ஒன்றும் தெரியவில்லை. கடையில் கணக்குச் சொல்லும் அதே நிதானமான குரல் மட்டும் வந்தது.

"ஏலாது பிள்ளை. நீ எழுதிக் குடுத்திட்டாய்."

நெடுநேரம் அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். தியாகலிங்கம் வந்து கேட்டபோதும் சாத்த விடவில்லை. சாரல் மட்டும் உள்ளே வந்தது. கதிரையின் துணி நனைந்து, அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.