எழுத்துக் கூடை

அந்த இரண்டு கூடைகளையும் எடுத்துப்போகச் சொன்னது நான்தான்.

"துரை வீட்டுப் பின்கட்டுல ரெண்டு கூடை இருக்கே, எடுத்துக்கவா வாத்தியாரய்யா?" என்று லியாவ் கேட்டான். மாதத்தில் இரண்டு நாள் வீடு வீடாக வந்து எழுதிய காகிதங்களைச் சேர்த்துப்போகிறவன். எழுத்து பட்ட தாளை யாரும் மிதித்துவிடக்கூடாது. கோயில் உலையில் எரித்துச் சாம்பலை மின் என்கிற எங்கள் ஊர் ஆற்றில் விடவேண்டும். ஃபூச்சோவில் பிறந்த எவனும் வேண்டிய தாளை மூங்கில் கூடையில் போட்டுத் தரையில் வைக்கமாட்டான். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

பென்ரோஸ் துரை இந்த ஊர் பிரிட்டிஷ் துணைத்தூதர். நான் அவருக்குச் சீனம் கற்பித்த சென். அரசுத் தேர்வில் மூன்று முறை தோற்றவன். ஆற்றுப் படகுக்காரர்களின் பேச்சுக்குப் பத்தொன்பது வருடமாக அகராதி சேர்த்தார் துரை. விசாரணையில் நிற்கிற படகோட்டி புதிதாக ஒரு வசவைச் சொன்னால், வழக்கை நிறுத்திவிட்டு அதைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் முதல் பக்கத்தில் என் பெயரையும் போடுவதாகச் சொல்லியிருந்தார். எந்தத் தேர்வுப் பட்டியலிலும் வராத பெயர். அதற்காகவே எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் கப்பலேற வேண்டும். பெட்டி வரத் தாமதமானதால் ஒன்பதாயிரம் அகராதித் துண்டுகளையும் அந்த இரண்டு கூடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. இந்தக் காகித மரியாதையைப் பற்றி லண்டன் இதழில் இருபது பக்கம் எழுதியவர். தன் பின்கட்டுக்கு வந்துபோகிறவனை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"கூடை எங்க, வாத்தியாரே?" என்று துரை கேட்டார்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பிகூட இல்லாமல் கோயிலுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

உலை வாயில் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. லியாவ் சாம்பலை மண்சாடியில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"ஒரு துண்டுகூடச் சிந்தல, துரை. ஊதுவத்தி ஏத்திக் கும்பிட்டுத்தான் போட்டேன். அத்தனையும் நல்ல கையெழுத்து."

"யார் எடுக்கச் சொன்னது?"

லியாவ் என்னைப் பார்த்தான். துரையின் ஒரு சீட்டு போதும், நகர அலுவலகத்தில் அடித்தே அவன் முதுகைக் கிழித்துவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"யாரும் சொல்லல. கூடையில இருந்துச்சு, எடுத்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

துரை உலையருகே உட்கார்ந்தார். படகுக்காரர்களின் பேச்சிலேயே, "மரியாதையாத்தான் செஞ்சிருக்கே" என்றார். சாம்பலைத் தொடப்போனார். லியாவ் தடுத்தான்.

"அது வேணாம் துரை, தொட்டா கையில அப்பிக்கும்." மேலாகப் படிந்திருந்த வெள்ளைச் சாம்பலுக்கு அவன் ஒரு சொல் சொன்னான். எனக்கே தெரியாத சொல்.

"என்ன சொன்னே? திருப்பிச் சொல்லு."

சொன்னான். துரையின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. துண்டுத்தாளும் பென்சிலும் வந்தன. முழங்காலில் வைத்து, ஒவ்வொரு கோடாக, நிதானமாக எழுதினார். எழுதிய தாளைப் பிடித்தபடி, அதை எங்கே வைப்பதென்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

லியாவ் இரண்டு கைகளாலும் கூடையை எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.