ஏழரை மணிக் கல்யாணம்

ருக்மிணியின் மகள் ஸ்வப்னாவுக்கு அன்று டொரான்டோவில் பதிவுத் திருமணம். அங்கே காலை பத்து மணி, டில்லி கரோல் பாக்கில் மாலை ஏழரை.

மதனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து மூன்று வருஷமாக ருக்மிணியின் கணவர் வெங்கடராமன் மகளோடு பேசவில்லை. வீடியோவில் பார்க்கவாவது உட்காருங்கள் என்று ருக்மிணி ஒரு மாதம் மன்றாடிய பிறகு போன வாரம்தான் சம்மதித்தார். அவருக்குக் காது மந்தம். டிவியில் வரும் சத்தம் போதாது. அதற்காகவே ருக்மிணி ஸவுண்ட்பார் என்ற நீள ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, எலக்ட்ரீஷியன் அருள்ராஜை வரவழைத்து மாட்டியிருந்தாள். மத்தியானம் ஒத்திகை பார்த்தபோது கணீரென்று கேட்டது. அப்புறம் தூசி துடைக்கிறேன் என்று ஒயர்களைக் கழற்றி மாட்டியதுதான் வினை.

ஏழு இருபதுக்கு லேப்டாப்பை இணைத்தாள். டிவியில் ஸ்வப்னா பட்டுப்புடவையில் சிரித்தாள், வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"என்ன, ஊமைப் படமா?" என்றார் வெங்கடராமன் நாற்காலியிலிருந்து.

"அஞ்சு நிமிஷம். சரி பண்ணிடறேன்."

ரிமோட்டில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள். ஒன்றும் மாறவில்லை. அருள்ராஜுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் மெட்ரோல இருக்கேன், வர ஒரு மணி நேரம் ஆவும். பதறாதீங்க. டிவி பின்னாடி ரெண்டு ஒயர் இருக்குல்ல, எது எதுல சொருவியிருக்கீங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குப்பா!"

"ஏ ஆர் சின்னு எழுதியிருக்கிற ஓட்டைலதான் ஸவுண்ட்பார் ஒயர் போவணும். லேப்டாப்பு பக்கத்து ஓட்டைல. மாத்திச் சொருவியிருப்பீங்க, பாருங்க."

டிவிக்கும் சுவருக்கும் நடுவே கைதான் போனது, தலை போகவில்லை. ஒரே இருட்டு. திரையில் பதிவாளர் காகிதங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. வெங்கடராமன் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் பார்க்குக்குப் போயிட்டு வரேன். நடக்காதுன்னா நடக்காது."

இப்போது போனால் இனி எப்போதும் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கெஞ்சிப் பயனில்லை. சட்டென்று சொன்னாள்:

"போறதுக்கு முன்னாடி இந்தப் போன் டார்ச்சைப் பிடிச்சுண்டு, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லிட்டுப் போங்கோ. நேக்குக் கண் தெரியலை."

அவர் தயங்கினார். அப்புறம் போனை வாங்கி விளக்கைப் போட்டு, சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மேல இருக்கறதுதான் ஏ ஆர் சி. அதுல இந்தக் கறுப்பு ஒயர் இருக்கு. லேப்டாப்லேர்ந்து வரது."

"அச்சா, அப்போ ரெண்டையும் இழுத்துடறேன்."

இழுத்தாள். படம் அணைந்தது. அந்த நேரத்தில் அங்கே கையெழுத்தாகிவிட்டால்? ஒயர் உள்ளே போகாமல் வழுக்கியது.

"ஜல்தி பண்ணு ருக்கு! தலைகீழாப் பிடிச்சிருக்கே. திருப்பு," என்றார் அவர்.

திருப்பிச் செருகினாள். கறுப்புத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பிறகு வெளிச்சம். கூடம் அதிர ஸ்வப்னாவின் குரல்: "அம்மா! போயிட்டேளா? ஆரம்பிக்கச் சொல்றா, இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்கோன்னு கேட்டிருக்கேன். அப்பா இருக்காரா?"

வெங்கடராமன் டார்ச்சை அணைக்கவில்லை. அது அவர் கையில் கீழ்நோக்கி எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கேன்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நன்னாக் கேக்கறது. அந்தப் பையனையும் கொஞ்சம் பேசச் சொல்லு. அவன் குரலை நான் கேட்டதே இல்லை."

திரையில் மதன் விழித்தான், ஸ்வப்னாவைப் பார்த்தான். "வணக்கம் அப்பா," என்றான்.

ருக்மிணி டிவிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.