மஞ்சள் இறங்க வேண்டும்

வாளியைச் சாய்த்தேன். ரப்பர் பால் வழியவில்லை, மொத்தமாக ஒரு கட்டியாய் அசைந்தது. நிறுவைக்கு எனக்குப் பின்னால் நின்றவர்கள் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே பாலை உறையவிட்டதாகச் சொல்லிப் போன வாரம்தான் இரண்டு குடும்பங்களை லயத்து வீட்டை விட்டே அனுப்பியிருந்தார் தோட்டத்துத் துரை. எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி என் அமோனியா போத்தலை வாங்கி முகர்ந்தார். பால் உறையாமலிருக்க வாளியில் விடச் சொல்லிக் காலையில் அவரே ஊற்றிக் கொடுத்தது. இப்போது அவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

“பாதி தண்ணி. மீதிய என்னா பண்ணுன சில்வெஸ்டர்?”

மகளுக்குக் கொடுத்தேன், குறை தெரியாமலிருக்கத் தண்ணீர் கலந்தேன் என்றேன். வண்ணத்துப்பூச்சி இறக்கையின் நிறம் எதனால் ஆனதென்று பள்ளியில் செய்து காட்ட வேண்டுமாம். சொல்லும்போது எனக்கே பொய்யாகக் கேட்டது.

“பூச்சியக் குளிப்பாட்டவா? நல்லாருக்கு லா,” என்றாள் எனக்கு அடுத்து நின்ற நல்லம்மாள். மண்டோர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நட என்றார்.

எங்களைக் கண்டதும் என் மகள் மாடில்டா மேசையருகே எழுந்து நின்றாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள். இறக்கையில் விரலில் ஒட்டுவது தூசியில்லை, ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய செதில். இறால் ஓட்டிலிருக்கும் பொருள்தான் அதிலும். மஞ்சள் பூச்சியின் சாயமோ, மூத்திரத்தில் போகும் கழிவுப் பொருளின் இனம். அமோனியாவில் கரையும்.

“மூத்திரத்துலயா இம்புட்டு அழகு?”

“டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க மாமா. நான் இன்னும் செஞ்சு பாக்கல.”

மண்டோர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“செய். சாயம் எறங்குனா ஆபீஸ் கிராணிகிட்ட நான் பேசுறேன். எறங்கலன்னா ஒங்கப்பன் பேசிக்கட்டும்.”

அவள் கண்ணாடிக் குவளையில் அமோனியாவை ஊற்றினாள். கண் எரிந்தது. ஒரு மஞ்சள் இறக்கையை மெல்ல விட்டாள். அது நனையவே இல்லை. காய்ந்த இலைபோல மேலே மிதந்தது. கொண்டையூசியால் அழுத்தினாள். உள்ளே போய்த் திரும்ப மேலே வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். அப்போதும் வந்தது. நான் வாய் திறக்கப் போனேன்.

மண்டோர் கையை நீட்டி ஊசியை வாங்கி மேசையில் வைத்தார். ரப்பர் பால் காய்ந்து கறுத்த தன் சுட்டுவிரலைக் குவளைக்குள் விட்டு, இறக்கையை அடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அமோனியா நெடியில் அவர் கண்ணிலும் நீர் வழிந்தது. விரலை எடுக்கவில்லை. மஞ்சள் இறங்குகிறதா என்று மூன்று பேரும் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.