ஸ்டீல் பிடி

என் தட்டைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மாமா மூன்று மடக்குக் கத்திகளை வைத்தார். ஒன்றுக்கு ஸ்டீல் பிடி, ஒன்றுக்கு மரப்பிடி, மூன்றாவதுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக். தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து, பகலில் தூங்கி எழுந்து, நான் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே நேரம் அதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு மேனேஜர் இதைத்தான் கேப்பாரு. எந்தப் பிடி நல்லதுன்னு. நீ ஸ்டீல்னு சொல்லணும்."

"ஏன், உங்களுக்கு வாய் இல்லையா?"

"உள்ள நின்னு அறுக்கிறவன் சொன்னாத்தான் எடுபடும். அதுவும் நீ பாதி இன்ஜினியர் வேற."

பாதி இன்ஜினியர் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டவனைத் தன் வீட்டில் தங்கவைத்து, தான் போர்மனாக இருக்கும் குளிர்க்கிடங்கில் வேலையும் வாங்கிக் கொடுத்த அக்காள் புருஷனுக்கு அப்படிக் கூப்பிட உரிமை உண்டு என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் நினைக்கவில்லை.

கிடங்கில் எங்கள் வேலை, உறைந்த பெட்டிகளைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை அறுத்துப் பிரித்து அடுக்குவது. தடித்த கையுறையோடு மடக்குக் கத்தியைத் திறக்க முடியாது. வலது கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டுதான் அறுப்போம். முன்பெல்லாம் மரப்பிடிக் கத்தி. ஈரம் குடித்து மரம் ஊதிவிடும். அலகு உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வராது. சுத்தம் பார்க்க வருகிறவர்கள் பிடியை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் பிடித்தால் கைக்குள் இன்னொரு கை இருப்பது போல இருக்கும். அதை ஒழித்து ஸ்டீல் பிடியைக் கொண்டுவந்தவர் மாமா. கழுவலாம், நாறாது, பளபளவென்று இருக்கும் என்று மேனேஜரிடம் சொல்லி நல்ல பேர் வாங்கினார். அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். அந்தக் குளிரில் ஸ்டீல் நம் கைச்சூட்டை உறிஞ்சிக் குடித்துவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போய் முறையிட்டோம்.

"சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்திக்குங்கடா. இதுக்கெல்லாமா என்கிட்ட வந்து நிப்பீங்க," என்றார். எல்லோரும் சுற்றிக்கொண்டோம்.

எங்களில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடவே மாட்டான். போன வாரம் அவன் கத்தியில் டியூப் நழுவிப் பிடியின் இடுக்குக்குள் போய்விட்டது. அலகு திறந்ததும் அதன் பின்னால் வந்து நின்று மடங்காமல் தாங்கவேண்டிய பூட்டுத் தகடு, டியூப் தடுத்ததால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அது அவனுக்குத் தெரியவில்லை. பட்டையை இழுத்து அறுத்தான். கத்தி அவன் விரல் மேலேயே மடங்கியது. சுட்டுவிரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கேள்வியெல்லாம், தப்பு கத்தியுடையதா ரேடியோவுடையதா என்பதுதான். அவனாக டியூபைச் சுற்றிக் கத்தியைக் கெடுத்துக்கொண்டான் என்று முடிவானால் அவனுக்கு வேலை கிடையாது.

"டியூப் சுத்தினது அவனாச் செஞ்ச வேலை. புரியுதா?" என்றார் மாமா.

"சுத்தச் சொன்னது நீங்க."

"நான் சொன்னதைக் காதால கேட்டது யாரு?"

"எல்லாரும்தான்."

"அப்ப எல்லாரும் வந்து சொல்லட்டும். ஒருத்தன் வருவானா பாப்போம்."

யாரும் வரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவர் சொல்றதைச் சொல்லிட்டு வந்து தூங்கேன்டா. அந்த ரேடியோ உனக்கு என்ன மாமனா, மச்சானா?"

"இவர் மாமன்தானே. அதான் தொல்லையே."

மாமா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் பிடிக் கத்தியை எடுத்து, என் தட்டில் மிச்சமிருந்த சாப்பாட்டில் சொருகி நிறுத்தினார். "நாளைக்கு இந்தப் பொம்மைதான் வேணும்னு சொன்னேன்னு வை, அப்படியே துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிரு. வீட்டுப் பக்கம் வராத."

அக்கா குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை என்று ஆகிவிட்டது.

மறுநாள் பிற்பகல் குளிர் அறையை ஒட்டிய முன்னறையில் நின்றோம். மேனேஜர் யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு வந்திருந்தார்; மணிக்கட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரேடியோ கட்டுப்போட்ட கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"சொல்லுப்பா, எது நல்லது?" என்றார் மேனேஜர்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் வேணாம் சார், ஊதிப்போகும். ஸ்டீல் கழுவுறதுக்கு நல்லது, பிடிக்கிறதுக்கு ஆகாது. பிளாஸ்டிக் பாக்க ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனா கையை மரத்துப்போக வைக்காது. டியூப் சுத்த வேண்டியதே இல்ல." ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டேன். "டியூப் சுத்தச் சொன்னது போர்மன்."

அந்த நிமிடமே என் படுக்கையும் தட்டும் போய்விட்டன. அக்கா என்ன சொல்வாள் என்பதும் தெரியும். எதுவும் சொல்லமாட்டாள்.

மாமா கத்தவில்லை. மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல வச்சுச் சோறு போட்டேன் சார், அதான் இப்படி. விடுங்க. கத்தி மேல ஒரு தப்பும் இல்ல. டியூப் இல்லாம வெறுங்கையால பிடிச்சா ஒண்ணுமே ஆகாது. இவனுங்களுக்குக் கை இல்ல சார், பஞ்சு."

"பஞ்சுன்னா என் விரல் மடங்குமே," என்றான் ரேடியோ. 

மாமா கையுறையைக் கழற்றி அவன் காலடியில் எறிந்தார். டியூப் சுற்றாத புது ஸ்டீல் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒரு காலத்தில் அவரும் பெட்டி அறுத்தவர்தான். அது மரப்பிடிக் காலம். பெட்டியைப் புரட்டுவதும் பட்டையைத் தூக்கிப் பிடித்து ஒரே இழுப்பில் அறுப்பதும் பார்க்க அழகாகவே இருந்தன. போதும் என்று மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். மாமா காதில் வாங்கவில்லை. ஒரு அடுக்கு முழுவதையும் முடித்தார். அடுத்த அடுக்கிலும் கைவைத்தார். மேனேஜர் மறுபடி தட்டினார்.

வெளியே வந்தபோது பனி படிந்து புருவம் நரைத்திருந்தது. அறுத்த பட்டைகளை மேனேஜரின் காலருகே போட்டார். வலது கையில் கத்தி திறந்தபடியே இருந்தது.

"பாத்தீங்களா சார்? சுத்தமா வேலை செய்யுது."

"மூடிக் காட்டுங்க," என்றேன். "நாங்க மூடுற மாதிரி. ஒத்தைக் கையால."

"இதையும் பாத்துக்கோ."

மூடுவதற்குப் பெருவிரலால் பூட்டுத் தகட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். மற்ற விரல்கள் பிடியின் வெளிப்புறம் இருக்க வேண்டும். கிடங்கில் நாங்கள் எல்லோரும் மூடுவதற்கு முன் ஒருமுறை குனிந்து விரலைப் பார்ப்போம். ஸ்டீல் வந்த பிறகு பழகிய பழக்கம். அவருக்கு அது கிடையாது. அவர் என்னைத்தான் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை. பெருவிரல் தகட்டைத் தேடித் தடவியது, தவறியது, மறுபடி தடவிக் கண்டுபிடித்தது.

சுட்டுவிரல் வெளியே இல்லை. அலகு வந்து விழும் இடுக்கின் வாயில், வெளுத்துப்போய், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தது.

மேனேஜர் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ கட்டுப்போட்ட கையைப் பையிலிருந்து மெல்ல வெளியே எடுத்தான்.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம்?" என்றார் மாமா.

பெருவிரல் தகட்டில் அழுந்தியது. ஸ்டீல் மேல் படிந்திருந்த வெண்பனி வெளிக்காற்றுப் பட்டு உருகத் தொடங்கியிருந்தது, சூடு செத்த அந்த விரல் கிடந்த இடத்தில் மட்டும் உருகவில்லை.