எல்டனின் சிவப்புக் கோட்டு

எங்கள் சங்கத்தில் ஆண்களுக்குப் பதக்கம், பெண்களுக்குப் பாத்திரம். இதை நான் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, "லொரீன், காப்பி இன்னும் இருக்கா?" என்று கேட்டார்கள்.

இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நடந்த அமெரிக்கப் புரட்சிப் போரில் தன் முன்னோர் ஒருவர் சண்டை போட்டார் என்று நிரூபித்தால்தான் ஓர் ஆண் சங்கத்தில் சேர முடியும். அப்படிப்பட்டவர்களுக்கு மனைவியாகவோ அம்மாவாகவோ மகளாகவோ வாய்த்தவர்கள் மகளிர் அணி. கென்டக்கி மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் கிளை சின்னது. பழைய போர்வீரன் ஒருவனின் கல்லறை எங்காவது புதருக்குள் அகப்பட்டால் ஆண்கள் போய் அதில் வெண்கல முத்திரை பதிப்பார்கள், கொடி பிடிப்பார்கள், வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுடுவார்கள். அவர்களுக்கு அந்தக் காலத்துச் சிப்பாய் உடுப்பு தைப்பது, துவைப்பது, மலர்வளையம் கட்டுவது, பன்றிக்கறி வைத்த ரொட்டி சுட்டுக் கொண்டுபோவது எல்லாம் நாங்கள். விழா நடக்கும் இடத்தில் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றுக்கு உள்ளே அணிவகுப்பு. வெளியே வெள்ளைச் சுருக்குத் தொப்பியும் ஏப்ரனுமாக நாங்கள். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குறைதான் சொல்கிறேன், ஆனால் ஒரு விழாவையும் நான் தவறவிட்டதில்லை.

என் வீட்டுக்காரர் எல்டன் ஃப்ரேலிதான் அணிவகுப்பின் டிரம்காரர். வீட்டில் சாப்பாட்டு மேசை ஓரத்தில் குச்சியால் தட்டித் தட்டிப் பழகுவார். கிண்ணத்தில் சூப் ததும்பும். "மேசைக்கு உயிர் இருந்தா உங்க மேல கேஸ் போட்டிருக்கும்" என்று கத்துவேன். கத்திக்கொண்டிருக்கும்போதே என் கால் கீழே தாளம் போட்டுக்கொண்டிருக்கும், அது வேறு விஷயம்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. நடை திரும்பியது, பேச்சும் மெதுவாகத் திரும்பியது. இடது கை மட்டும் அரைகுறை. படுப்பதற்கு முந்தைய வருஷம்தான் மனிதர் முள்ளுப் புதருக்குள் ஊர்ந்து ஊர்ந்து தன் முன்னோரான ஜோசையா ஃப்ரேலியின் கல்லறையைக் கண்டுபிடித்திருந்தார். அந்த ஜோசையாவும் வர்ஜீனியாப் படையில் டிரம்காரன். இந்த அக்டோபரில் அந்தக் கல்லுக்கு முத்திரை பதிப்பதாக ஏற்பாடு.

"அன்னிக்கு நான்தான் அடிக்கணும், லோரி" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் ரப்பர் பந்தைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டிரம் குச்சியைக் கொடுத்தால் விரலை மடக்குவார்.

அணிவகுப்பின் தலைவர் மெர்ல் ரட்லிஃப். கெட்டவர் இல்லை. சங்கத்தின் விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ஆள், அவ்வளவுதான். ஏற்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்டனை ஜனங்க முன்னாடி நிறுத்திக் கஷ்டப்படுத்த வேண்டாம்மா. பதிவு பண்ணின டிரம் சத்தம் எங்கிட்ட இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

"அவரோட பாட்டன் கல்லறைக்கு ஸ்பீக்கரா? உங்க அப்பா அடக்கத்துக்குப் பாதிரியார ரேடியோல வரவழைச்சீங்களா மெர்ல்?"

அவர் காது மடல் சிவந்தது. கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி. உடுப்பு முழுசாப் போட்டுக்கிட்டு, தன் கால்ல நடந்து வந்து நின்னா அவரே அடிக்கட்டும். உடுப்புல ஒண்ணு குறைஞ்சாலும் வரிசையில இடம் கிடையாது, அது எல்லாருக்கும் ஒரே சட்டம். ஸ்பீக்கர் பக்கத்துலயே இருக்கும். நடுவுல அடி நின்னா போட்டுடுவேன்."

இதை வீட்டில் சொன்னதும் எல்டன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

விழா வாரம் பிறந்ததும் கோட்டை எடுத்து வரப் போனேன். உடுப்பெல்லாம் தேவாலயத்தின் அடித்தளத்தில் ஓர் அலமாரியில் இருக்கும். அன்று அலமாரியைத் திறந்தால் கண்ணாடிபோலச் சுத்தம். கோட்டுகள் வரிசையாக, நேர்த்தியாக, இஸ்திரி மடிப்போடு தொங்கின. டிரம்காரர் கோட்டு மட்டும் இல்லை.

கோடை முடிவில் சுத்தம் செய்தவள் ஷெல்பி. புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினரின் இளம் மனைவி, வெளி மாநிலத்துப் பெண். எந்த வேலைக்கும் "நான் செய்யறேன்" என்று முதலில் கை தூக்குவாள். அப்படிக் கை தூக்குகிறவர்கள் எங்கள் அணியில் அபூர்வம் என்பதால் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். போன் போட்டேன், ஓடி வந்தாள்.

"டிரம்காரர் கோட்டு எங்கம்மா?"

"எல்லாக் கோட்டும் இங்கதானே இருக்கு லொரீன்க்கா. நீலம் ஒண்ணுகூட விட்டுப்போகலையே."

"நீலம் இல்லடி. சிவப்பு."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தச் சிவப்பா? ராஜா பட்டாளம்தானேக்கா சிவப்புக் கோட்டு போடும்? எதிரியோட கோட்டு நம்ம அலமாரியில எதுக்குத் தொங்குதுன்னு நெனச்சு... பழந்துணி விற்பனைக்குக் குடுத்துட்டேன்."

அப்படியே தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் படைக்கு நீலக் கோட்டு, சிவப்புக் காலர். டிரம்காரனுக்கு மட்டும் அது தலைகீழ்: சிவப்புக் கோட்டு, நீலக் காலர். அந்தக் காலத்தில் உத்தரவெல்லாம் டிரம் அடியில்தான் போகும். துப்பாக்கிப் புகைக்குள் அதிகாரி டிரம்காரனைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டாமா, அதற்காக. சங்கத்தில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் ஷெல்பியிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த நியாயமெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது தேவாலயம் என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"புதுசு ஒண்ணு தைச்சுடலாமாக்கா? ராத்திரி பகல் உக்காந்து நானே தைக்கிறேன்."

"அந்தக் கம்பளித் துணி வந்து சேரவே மாசமாகும். அழுகைய அப்புறம் வச்சுக்கோ. வண்டிச் சாவி எங்க?"

விற்பனையைக் கவனித்தவரிடம் விசாரித்தோம். கோட்டை வாங்கியது வில்மா கோம்ஸ் என்றார். வில்மா ஊருக்கு வெளியே பூசணித் தோட்டம் வைத்திருக்கிறாள். இலையுதிர் காலம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே பூசணி பொறுக்க வண்டி கட்டிக்கொண்டு வரும்.

தோட்டத்து வாசலிலேயே கோட்டைப் பார்த்துவிட்டேன். சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்டிருந்தாள். கைக்குள் வைக்கோல், கழுத்துக்கு மேல் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பூசணித் தலை. மார்பெல்லாம் கறை. ஒரு தோள் வெயிலில் வெளுத்திருந்தது. சுற்றிலும் சோளக்கட்டைகள் இறைந்து கிடந்தன.

"ராஜா சிப்பாயாச்சேன்னு வாங்கினேன்" என்றாள் வில்மா பெருமையாக. "சோளக்கட்டையால இவன அடிச்சு விழ வைக்கிற பிள்ளைக்கு ஒரு பூசணி இனாம். கூட்டம் அள்ளுது லொரீன்!"

"அவன் ராஜா சிப்பாய் இல்ல வில்மா. நம்ம ஆளு. என் புருஷன் கோட்டு அது."

விஷயத்தைச் சொன்னேன். வில்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான்.

"எடுத்துக்கோ தாயே. ஆனா நாளைக்கு ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருதுங்க. இவன நான் அம்மணமாவா நிறுத்தறது?"

ஷெல்பி சட்டென்று போட்டிருந்த ரோஸ் நிற மழைக்கோட்டைக் கழற்றி, பொம்மைக்கு அவளே மாட்டி, பொத்தானையும் போட்டுவிட்டாள். விலை உயர்ந்த கோட்டு அது. குளிரில் பல் தந்தியடிக்க வண்டிக்குத் திரும்பி நடந்தாள். அந்த இடத்தில் எனக்கு அவள் மேலிருந்த கோபம் போய்விட்டது. அவளிடம் சொல்லவில்லை, ஹீட்டரை மட்டும் கூட்டி வைத்தேன்.

வைக்கோலை உதறி, கறையைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கி, எல்டன் இளைத்துப் போனதற்கு ஏற்ப இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தோம். வெளுத்த தோளை ஒன்றும் செய்ய முடியவில்லை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"ஜோசையா வீட்டுக்குத் திரும்பி வந்தப்போ அவன் கோட்டும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

உடுப்புப் பிரச்சினை தீர்ந்தது. கைப் பிரச்சினை அப்படியே இருந்தது. தினமும் மேசையில் பழகினார். கொஞ்சம் போனதும் இடது கைக் குச்சி நழுவித் தரையில் உருளும். நான் பாத்திரம் துலக்குகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். விழாவுக்கு முந்தைய நாள் குச்சியை அவர் குனிந்து எடுக்கவே இல்லை.

"நடுவுல நின்னுடும், லோரி. அவன் கல்லு முன்னாடி மெர்ல் ஸ்பீக்கர போடுவான்."

"நிக்காது. சும்மா மனசைக் குழப்பிக்காதீங்க" என்றேன். பொய்தான்.

சனிக்கிழமை காலையில் மலைச்சரிவில் நல்ல கூட்டம். மெர்ல் ஒவ்வொருவரையும் தொப்பியிலிருந்து செருப்பு வார்வரை பார்த்துக்கொண்டு வந்தார். எல்டனின் வெளுத்த தோளில் அவர் கண் நின்றது. பிறகு கயிற்றுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் அந்த ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது.

எல்டன் அடிக்கத் தொடங்கினார். வலது, இடது, வலது, இடது. கொடிகள் மெல்ல நகர்ந்தன. நன்றாகத்தான் போயிற்று. பாதி வழியில் இடது குச்சி நழுவிச் சருகில் விழுந்தது. அவர் நிற்கவில்லை, ஒரு கையாலேயே அடித்துக்கொண்டு நடந்தார். நொண்டுகிறவன் நடை போலக் கேட்டது. கொடி பிடித்தவர்களின் கால்கள் குழம்பின. ஒருவர் நின்றார், எல்லோரும் நின்றார்கள். மெர்ல் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

எல்டன் என்னைப் பார்க்கவில்லை, மெர்லையும் பார்க்கவில்லை. முள்ளுக்குள் ஊர்ந்து தான் கண்டுபிடித்த அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மலர்வளையத்தை ஷெல்பியின் கையில் திணித்தேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, கயிற்றைக் காலால் மிதித்துத் தாழ்த்திப் பிடித்தாள். பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன். சருகிலிருந்து குச்சியை எடுத்து அவருடைய இடது பக்கத்தில் போய் நின்றேன்.

"லொரீன், இது..." என்று ஆரம்பித்தார் மெர்ல்.

"திட்டறத அப்புறம் திட்டுங்க. ஏங்க, அடிங்க."

எல்டன் வலது கையால் ஓர் அடி அடித்தார். இடது அடியை நான் அடித்தேன். மறுபடி அவர், மறுபடி நான். தப்பாக அடித்துவிடுவோமோ என்று பயந்தேன். ஆனால் எத்தனை காலமாக என் சூப்பைக் கொட்டிய தாளம் அது, கைக்கு வழி தெரிந்திருந்தது. மெர்ல் குனிந்தபடியே ஒரு கணம் இருந்தார். பிறகு நிமிர்ந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, "முன்னால் நட!" என்று குரல் கொடுத்தார். கொடிகள் நகர்ந்தன. ஏப்ரனோடு நானும் வரிசையில் நடந்து ஜோசையா ஃப்ரேலியின் கல்வரை போனேன்.

முத்திரை பதித்தார்கள், துப்பாக்கி வெடித்தது, ஷெல்பி மலர்வளையம் வைத்தாள். பிறகு எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. காப்பி மேசைக்கு மெர்ல் வந்தார்.

"இன்னிக்கு வரிசையில ஒருத்தர் உடுப்பு சரியில்ல, லொரீன்."

"தெரியும். காப்பி வேணுமா வேண்டாமா?"

வாங்கிக்கொண்டார். ரொட்டியும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் எல்டன் சிவப்புக் கோட்டோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானமாக நினைக்கிறாரோ, நான் குறுக்கே வந்து கெடுத்துவிட்டேனோ என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. பாலம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இடது கை அவசரப்படுது."

"என்னது?"

"நீதான். கடைசியில கடகடன்னு அடிக்கறப்போ முந்திட்ட."

எனக்கு வந்ததே கோபம்! "மேசையில நீங்க அடிச்சதக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன். தப்பு உங்களோடது!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும் பாதை மங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

ராத்திரி சூப்பைச் சூடாக்கி மேசையில் வைத்தேன். எல்டன் கிண்ணங்கள் இரண்டையும் நடுவில் தள்ளி வைத்தார். ஒரு குச்சியைத் தன் வலது கையில் எடுத்துக்கொண்டு, மற்றதை என் பக்கம் உருட்டிவிட்டார்.

"முதல்ல இருந்து" என்றார். "மெதுவா."