சரக்கேற்றிய படகுகள்

வேலைக்குக் கிளம்புமுன் அவள் என்னுடைய பனியன் ஒன்றைக் கிழித்துத் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது நல்ல பனியன்."

"ஓட்டையைச் சுத்திக் கொஞ்சம் துணி இருந்துச்சுங்க. அவ்வளவுதான்."

சன்னலோரம் ஸ்டாண்டில், இரண்டு படகுகள் முடிந்து மூன்றாவது கோட்டளவில் நின்ற துறைமுகப் படத்தைக் காட்டி, "அது பக்கம் போயிடாதீங்க. எண்ணெய்ச் சாயம், காய ஒரு வாரமாவது ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பதினொரு மணிக்கு, துறைமுக வாசலில் லாரிகளை எடை போடும் அறையில், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு.

இருபத்திரண்டு வருடம் அந்த அறையின் சன்னல் வழியாகப் படகுகளைப் பார்த்தவள் என் மனைவி. ஓவிய வகுப்பில் சேர்ந்தது போன வருடம்தான். மாஸ்டருக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். காரணம் சிவப்பு. படகின் அடிவயிற்றுக்குச் சிவப்புச் சாயம் அடிப்பார்கள். சரக்கு ஏறினால் படகு அமிழ்ந்து, அந்தச் சிவப்பு தண்ணீருக்குள் போய்விடும். அவள் வரைந்த படகுகளில் மூட்டைகள் நிறைய இருந்தன, சிவப்பு இல்லை.

"சிவப்பு தெரிஞ்சாதான்மா படத்துக்கு உயிர் வரும்" என்பாராம் மாஸ்டர்.

"படகுக்காரரை மூட்டைய இறக்கச் சொல்லுங்க சார், போடறேன்" என்பாளாம் இவள்.

அவள் போன மூன்றாம் வாரம் அவளுடைய தங்கை வந்தாள். "வகுப்புல கண்காட்சி வைக்கறாங்க அத்தான். அக்கா படத்தையும் மாட்டணுமாம்."

கொடுத்தேன். புத்தி கெட்டுப்போய்க் கொடுத்தேன்.

கண்காட்சியன்று இருவரும் போனோம். இரண்டு படகுகளும் பளிச்சென்று சிவப்பு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மேலே மூட்டைகள் அப்படியே. கீழே அவள் பெயர். செத்தவள் வாதாட வரமாட்டாள் என்ற தைரியம்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான். அரைகுறையா இருந்துச்சு, நேத்து உட்கார்ந்து முடிச்சேன்." மாஸ்டரின் முகத்தில் உபகாரம் செய்த களை. "அவங்களுக்கு ஒரு மரியாதை."

"எடை போட்டே காலத்தைக் கழிச்சவ சார் அவ. அவ பேரைப் போட்டுட்டுப் பஞ்சு மூட்டையா ஏத்தியிருக்கீங்க?"

"கலைக்கு எடை கிடையாதுங்க."

அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம். நேற்று என்றாரே, அந்தச் சொல் மட்டும் காதில் நின்றது. நேற்றுப் போட்டது ஈரம். அவள் போட்டது காய்ந்து வாரக்கணக்காகிறது. மேசைமேல் இருந்த, சாயம் கரைக்கும் டர்பன்டைனையும் ஒரு துணியையும் எடுத்தேன்.

"அத்தான், எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். உங்க அக்கா வரைஞ்சதைப் பாக்கட்டும்."

மாஸ்டர் என் தோளைப் பிடித்தார். "கையை எடுங்க" என்றேன். எடுத்துவிட்டார்.

அழுத்தாமல் துடைத்தேன். சிவப்பு துணியோடு வந்தது. அடியில் அவளுடைய பழுப்புத் தண்ணீர், அதில் விளிம்புவரை அமிழ்ந்த படகுகள். ஓரத்தில் மாஸ்டர் புதிதாக வரைந்து நிரப்பியிருந்த மூன்றாவது படகும் போயிற்று. அதற்கடியில் அவள் இழுத்துவைத்திருந்த கோடுகள் இருந்தன.

துணியை மடித்து மாஸ்டரிடம் நீட்டினேன். "உங்களோடது."

படம் இப்போது வீட்டில் இருக்கிறது. கோபம் தணியவில்லை, தணியவேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. மூன்றாவது படகு இன்னும் வெறும் கோடுதான்.