துளிர்த்த கக்கூஸ்

சாதிர்குல் கட்டிய கக்கூஸ் மே மாதத்தில் துளிர் விட்டது.

கட்டும்போதே பக்கத்து வீட்டு ஜுமாஷ் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னான்.

"பைக்கே, அண்ணே, பட்டைய உரிச்சு, அடியைத் தீயில கருக்கிட்டு நடுங்க. பட்டையோட இருக்கிற வில்லோ மரத்துக்குத் தான் செத்துட்டோம்னே தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுதா? நானும்தான் நடமாடிக்கிட்டிருக்கேன்," என்றார் சாதிர்குல்.

பகலெல்லாம் வாய்க்காலில் சேறு அள்ளிவிட்டு வந்த கை அது. அதற்கு மேல் பட்டை உரிக்க ஓடவில்லை. பனி உருகி மரத்தில் சாறு ஏறும் சமயம். கரையோரத்து வில்லோவில் நாலு கழி வெட்டினார், ஈரம் நின்ற இடமாகப் பார்த்துக் குழி தோண்டினார், மூலைக்கு ஒன்றாக ஊன்றினார். இருட்டில் ஒரு கழி தலைகீழாகப் போய்விட்டது. சுற்றிலும் பச்சைக் குச்சிகளைப் பின்னிச் சுவர் வைத்தார். மேலே தகரம், முன்னால் பலகைக் கதவு.

கதவுதான் முக்கியம். போன வருஷம் மகள் பெர்மெத்துக்குக் காதணி போட்டு நிச்சயம் பண்ண மாப்பிள்ளையின் தாய் கலிச்சா வந்திருந்தாள். பழைய கக்கூஸுக்குக் கதவு கிடையாது, சாக்குத்தான் தொங்கும். கலிச்சா சாக்குக்குப் பின்னால் போனாள், வந்தாள், தேநீர் குடித்தாள், காதணியைப் பையிலிருந்து எடுக்காமலே கிளம்பிவிட்டாள். பின்னால் ஆள் மூலம் சொல் வந்தது: "பொண்ணு தங்கம். ஆனா அந்த வீட்டுல ஒரு கதவு கூடவா இல்லை?" பெர்மெத் அந்தக் குளிர்காலம் முழுக்க அழுதாள். அந்தப் பையனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டாள். ஆப்பிள் பழுக்கும்போது இன்னொரு தடவை வந்து பார்ப்பதாகக் கலிச்சா சொல்லியனுப்பியிருந்தாள். அந்த ஒரு தடவைதான்.

அப்படிப்பட்ட கக்கூஸ் துளிர்த்தால் மனுஷன் என்ன செய்வார்? ஒடித்து ஒடித்து வாய்க்கால் ஓரம் வீசினார். ஒரு நுனியைக் கிள்ளினால் கீழே தூங்கிக்கொண்டிருந்த மொட்டெல்லாம் 'இனி நம்ம முறை' என்று எழுந்து வந்தது. தலைகீழாக நட்ட கழி கூட விடவில்லை. அதன் துளிர்கள் தரையைப் பார்த்துக் கிளம்பி, விழுந்தவன் எழுந்து நிற்பதுபோல் வளைந்து மேலே போயின. ஜூன் முடிவதற்குள் கதவைத் தவிர மற்றதெல்லாம் இலை.

"குழிக்குள்ள சிவப்பா வேர் தொங்குது," என்றாள் மனைவி பாத்மா. "தாடிக்காரன் ஒருத்தன் கீழேருந்து அண்ணாந்து பாக்குற மாதிரி இருக்கு. நான் எப்படி உக்காருவேன்?"

"கண்ண மூடிக்க."

"அவன் மூடுவானா?"

இந்த நேரத்தில்தான் மேல்தெரு சூரா வந்து சேர்ந்தாள். கல்யாண வீட்டில் உலர்தயிர் உருண்டையை அளவில்லாமல் தின்று வயிறு கட்டிக்கொண்டு, எந்த வைத்தியத்துக்கும் மலம் இளகாமல் திண்டாடியவள். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாதிர்குல் வீட்டு இலைக்குள் ஓடினாள். வெளியே வந்தபோது முகம் நிலா மாதிரி இருந்தது. தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் கதவு ஓரத்துக் கழியில் முடிச்சுப் போட்டாள்.

அவ்வளவுதான். வேண்டுதல் துணி கட்டிய மரத்தில் கோடரி வைக்கிறவன் கை விளங்காது. இது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளையில்லாதவள் வந்து கட்டினாள். பசு தொலைத்தவன் கட்டினான். ஓட்டுநர் உரிமம் கிடைக்காதவன் கட்டினான். வாசலில் ரொட்டி வைத்தார்கள். ஒருநாள் பாத்மா கையில் தண்ணீர்க் கெண்டியோடு கதவருகே போனபோது நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள்.

"எஜே, அக்கா! உங்களுக்கு வெக்கமா இல்ல? இதுக்குள்ளயா போறது?"

"வேற எதுக்குடி இதக் கட்டினோம்?"

அன்று முதல் குடும்பம் ஜுமாஷ் வீட்டுக்குப் போய்வந்தது. "வாங்க வாங்க, பட்டை உரிச்ச கக்கூஸ்," என்று ஒவ்வொரு தடவையும் அவன் கதவைத் திறந்து விட்டான்.

கலிச்சா வெள்ளிக்கிழமை வருகிறாள் என்று செய்தி வந்ததும் சாதிர்குல் கோடரியை எடுத்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். சூரா வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல என்னை வெட்டு."

"உன்னை வெட்டி நான் என்ன பண்ண? நீ இன்னும் ரெண்டா முளைப்பே."

அலுத்துப்போய் வாய்க்கால் ஓரம் குந்தினார். கையூன்றிய இடத்தில் ஏதோ தட்டுப்பட்டது. மே மாதம் அவர் ஒடித்து வீசிய கிளை. பிடுங்கினால் வர மறுத்தது. இழுத்துப் பார்த்தால் சேற்றில் கிடந்த பக்கமெல்லாம் வெள்ளை வேர்.

அதைத் தூக்கிப் பிடித்தார். "இங்க பாருங்க. இது அந்த மரத்தோட பிள்ளை இல்ல. அதே மரம்தான். விதையில வந்தாத்தான் பிள்ளை. ஒடிச்ச போத்துல வந்தா அதுவே."

"வேர் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் சூரா.

"பட்டைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. ஈரம் பட்டா வெளிய வரும்."

"சக்தி?"

சாதிர்குல் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் பட்டைக்குள்ளதான்."

பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு அவரவர் துணி கட்டிய கிளையை அவரவரே ஒடித்துக்கொண்டார்கள். "இலைய உருவிட்டு நடுங்க. வேர் வர்றதுக்குள்ள இருக்கிற தண்ணியெல்லாம் இலை குடிச்சுடும்," என்று சாதிர்குல் கூவிக்கொண்டே நின்றார். எல்லாரும் கொண்டுபோய்த் தங்கள் தங்கள் கக்கூஸ் ஓரத்தில் நட்டார்கள். அதற்கு எங்கே இருந்து பழக்கமோ அங்கேதானே பிடிக்கும்? சூராவின் முடிச்சு மட்டும் கழியிலேயே இருந்தது. முதல் முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கலிச்சா வந்தாள். ஆடு அறுத்தார்கள். பெரிய விருந்தாளிக்கு உரிய வால்கொழுப்பை அவளுக்கே வைத்தார்கள், குதிரைப்பாலும் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று. கடைசியில் அவள் எழுந்தாள், கதவைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், உள்ளே போய் இழுத்துச் சாத்தினாள். பெர்மெத் அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் ஆயிற்று.

"சம்பந்தி," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கதவு திறக்கல."

கோடையெல்லாம் குடித்துக் கதவின் இருபக்கத்துக் கழிகளும் பருத்திருந்தன. பலகை நடுவில் நெரிந்து மாட்டிக்கொண்டது. சாதிர்குல் தோளால் முட்டினார். தகரம்தான் ஆடியது. வேறு வழியில்லாமல் கோடரியைக் கழிக்கு நேராக ஓங்கினார்.

"முடிச்சு! என் முடிச்சு!" என்று சூரா ஓடிவந்தாள்.

"என்ன முடிச்சு அது?" என்றது உள்ளிருந்து.

சூரா சுவரின் சந்தில் வாயை வைத்து, உலர்தயிரில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள்.

"எனக்கும் ரெண்டு வருஷமா அதே பாடுதான்," என்றாள் கலிச்சா மெதுவாக. "இப்பத்தான்... இப்பத்தான் கொஞ்சம் முன்னாடி... ஐயோ, வெட்டாதீங்க! கழியில கை வச்சா சம்பந்தமே வேண்டாம்! எங்க அந்தப் பொண்ணு? இங்க வரச் சொல்லுங்க."

பெர்மெத் வந்தாள்.

"காதைச் சந்துல வை."

"சம்பந்தி, முதல்ல கை கழுவிடுங்க," என்று பாத்மா கெண்டியின் மூக்கைச் சுவருக்குள் நுழைத்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குச்சிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு விரல்கள் நீண்டு ஒரு காதில் வெள்ளிக் காதணியை மாட்டின. "திரும்பு," என்றது குரல். பெர்மெத் அழுதுகொண்டே திரும்பினாள்.

நிச்சயம் முடிந்தது. ஆளை வெளியே எடுப்பதுதான் பாக்கி. பலகை செத்த மரம், அதை உடைத்தால் யார் கையும் விளங்காமல் போகாது என்று சூராவே தீர்ப்புச் சொன்னாள். சாதிர்குல் கதவைச் சுக்குநூறாக்கினார். கலிச்சா வெளியே வந்தாள், முகம் நிலா மாதிரி. வாசலில் பாத்மா பழைய சாக்கைத் தொங்கவிட்டாள்.

"இது போதும்," என்றாள் கலிச்சா. "இந்த மாதிரி இடத்துக்குக் கதவு எதுக்கு?" கையில் ஒரு குச்சி வைத்திருந்தாள், உள்ளே ஒடித்தது. "எந்தப் பக்கம் கீழ வைக்கணும்?"

"தடிச்ச பக்கம்," என்றார் சாதிர்குல். "மாத்தி வச்சாலும் பொழைச்சுக்கும். கொஞ்சம் கோவிச்சுக்கும்."

வேலிக்கு மேலே ஜுமாஷின் தலை எழுந்தது. "நடுறதுக்கு முன்னாடி பட்டைய உரிச்சு—"

எல்லாரும் சேர்ந்து அவனை அதட்டினார்கள். தலை இறங்கிவிட்டது.